தலை ஸ்கான் எடுக்கும்போது பிள்ளையின் கண்ணை எப்படிக் காப்பது?

கேள்வி: ஐந்து வயது மகன் கொய்யா மரத்தால் விழுந்ததில் சி.ரி. தலை ஸ்கான் எடுத்தோம். இப்போது இன்னொன்றும் எடுக்கச் சொல்கிறார்கள். கண் பழுதாகும் என்று அயலில் சொல்கிறார்கள். கண்ணை மூடி எடுக்கச் சொல்லலாமா? – ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, ஒரு ஸ்கானால் கண் கெட்டுப்போகாது. கண்வில்லையில் புரை வர 500 மில்லிகிரே (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு) அளவு கதிர் வேண்டும் என்று சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழு 2011இல் சொன்னது. ஒரு தலை ஸ்கானில் கண்ணுக்குப் படுவது பொதுவாகச் சில பத்து மில்லிகிரேதான். ஆனால் அது எடுக்க எடுக்கச் சேரும், பிள்ளையின் கண்ணோ இளங்கண். அதனால் உங்கள் கவலை நியாயமானது.

கண்ணை மூடுவதை நான் விரும்புவதில்லை. பிஸ்மத் என்ற உலோகம் கலந்த மறைப்பு உண்டு, ஆனால் அது படத்தில் கோடுகளை விழுத்தும். படம் தெளியாவிட்டால் திரும்ப எடுக்க வேண்டிவரும். அதைவிட நல்லது நாடியை (மோவாயை) நெஞ்சுப் பக்கம் தாழ்த்துவது. புருவ மேட்டிலிருந்து காதுத் துவாரத்துக்கு விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கதிர் அந்தக் கோட்டுக்கு மேலே போகும்படி தலையையோ இயந்திர வளையத்தையோ சரித்தால் மூளை அகப்படும், கண் வெளியே நிற்கும். முகத்திலோ கழுத்திலோ அடிபட்டிருந்தால் மட்டும் இது சரிவராது.

வீட்டிலேயே பழக்கலாம். பாயில் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துவாயை மடித்து வைத்து, "நெஞ்சைப் பார், ஆடாதே" என்று சொல்லி இருபது வரை எண்ணுங்கள். பிள்ளை அசைந்து வீணாகும் ஸ்கான்தான் எனக்குப் பெரிய கவலை.

அப்புறம், டொக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: இந்த இரண்டாவது ஸ்கான் எதைப் பார்க்க? பிள்ளை வழமைபோல் விளையாடினால், எடுக்காமல் கவனித்து வந்தால் போதுமா? பிள்ளைகளுக்கான குறைந்த அளவில்தானே எடுப்பீர்கள்? பழைய படங்களையும் இறுவட்டையும் கையோடு கொண்டுபோங்கள். ஆனால் திரும்பத் திரும்பச் சத்தி (வாந்தி), எழுப்ப முடியாத நித்திரை, வலிப்பு என்று ஏதாவது வந்தால், கண்ணை நினைத்து ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

பதிலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்றால் அதில் இந்தக் கதிர் இல்லை, ஆனால் அது பெரிய காந்தம். உங்கள் உடம்பில் போர்க்காலச் செல் (எறிகணை) துண்டு ஏதும் இருந்தால், மகனோடு உள்ளே போகமுன் கட்டாயம் சொல்லுங்கள். வன்னியில் எத்தனையோ பேர் அதோடேயே வாழ்ந்து, அது இருப்பதையே மறந்துவிட்டார்கள்.