மூன்று பேர் பேசும் போனில் விலை குழம்புகிறதே!

கேள்வி: போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். வண்டன்மேட்டுத் தோட்ட முதலாளி, டெல்லி பார்ட்டி, நான் மூவரும் கான்ஃபரன்ஸ் காலில் பேசினால் கடைசியில் ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள். என்ன செய்வது?
ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: கூப்பிடுகிறவர் நீங்கள்தானே, அப்போது நடத்த வேண்டியவரும் நீங்களே. வண்டன்மேட்டுப் பக்கத்துப் புற்றடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் நேரத்தில் மட்டும் கூப்பிடாதீர்கள். முதலாளியின் மனசு அங்கேதான் இருக்கும். 8 எம்.எம். அளவுக் காயா, எத்தனை கிலோ, லோடு எப்போது என்பதை முன்னாலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பேசாதவர்கள் மியூட்டில் இருக்கட்டும். மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். ஆகவே விலையை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திருப்பிச் சொல்ல வையுங்கள். மௌனம் சம்மதம் என்பதெல்லாம் கல்யாணப் பேச்சுக்குச் சரி. இங்கே லைன் கட்டாகியிருக்கலாம். போனை வைத்த கையோடு, முடிவான விலையை மூவருக்கும் எழுதி அனுப்பிவிடுங்கள்.