ஸ்பேர் சாவி போட்டால் இன்ஜின் பிடித்து உடனே அணைந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

உங்கள் நிலைமை எனக்குப் புரிந்தவரை இதுதான். பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார், பாலக்கோட்டில் வைத்து ஓட்டுகிறீர்கள். இரண்டு சாவி கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் எந்தத் தொந்தரவும் இல்லை. மற்றதில் கதவு திறக்கிறது, செல்ஃப் எடுக்கிறது, இன்ஜின் பிடித்து ஓரிரு நொடியில் அணைந்துவிடுகிறது. ரிமோட் பேட்டரி மாற்றிப் பார்த்துவிட்டீர்கள். மெக்கானிக் ஃப்யூயல் பம்பைக் கழற்றிப் பார்க்கலாம் என்கிறார்.

பம்பைத் தொட விடாதீர்கள். ஒரு சாவியில் ஒழுங்காக ஓடுகிற வண்டி இன்னொரு சாவியில் மட்டும் அணைகிறது என்றால் கோளாறு சாவியில்தான். எந்தச் சாவி போட்டீர்கள் என்று பம்புக்கு எப்படித் தெரியும்?

இந்த மாதிரிச் சாவிக்குள் சம்பந்தமில்லாத மூன்று வேலைகள் இருக்கின்றன. இரும்புப் பகுதி லாக்கைத் திருப்புகிறது. ரிமோட் கதவைத் திறக்கிறது. பட்டன் பேட்டரி இதற்கு மட்டும்தான். மூன்றாவது, பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் சிப். இதற்குப் பேட்டரியே கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள், வளையமாக இருக்கும். சாவியை ஆன் செய்ததும் அந்தக் காயிலிலிருந்து வரும் அலையிலேயே சிப் உயிர் பெற்று, தன் அடையாள எண்ணைச் சொல்லும். அந்த எண் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகி இருந்தால் இன்ஜின் ஓடும், இல்லையென்றால் டீசலையோ பெட்ரோலையோ நிறுத்திவிடும். சில வண்டிகளில் செல்ஃபே எடுக்காது. இதைத்தான் இம்மொபிலைசர் என்கிறார்கள். ஐரோப்பாவில் 1998-லேயே புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஆக, நீங்கள் மாற்றிய பேட்டரிக்கும் இன்ஜின் அணைவதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் டேஷ்போர்டைப் பாருங்கள். கார் படத்துக்குள் சாவியோ பூட்டோ போட்ட ஒரு விளக்கு இருக்கும். நல்ல சாவியை ஆன் செய்தால் எரிந்து சில நொடியில் அணையும். ஸ்பேர் சாவியில் அது மினுக்கிக்கொண்டே இருந்தால் வண்டி அந்தச் சாவியை ஏற்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்து காசில்லாமல் ஒரு சோதனை. சாவிக்கொத்தில் இருக்கும் மற்ற சாவிகளைக் கழற்றிவிட்டு, ஸ்பேர் சாவியை லாக்கில் போடுங்கள். நல்ல சாவியின் தலையை அதன் தலையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் பிடித்து நின்று ஓடினால், ஸ்பேர் சாவிக்குள் சிப் இல்லை, அல்லது செத்துப்போய்விட்டது. ஓடவில்லை என்றால் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். இரண்டு சிப்பும் ஒரே நேரத்தில் பேசினால் காயிலுக்கு எதுவுமே விளங்காது. ஸ்பேர் சாவியில் சிப் உயிரோடு இருக்கிறது, பதிவில்தான் இல்லை என்ற பக்கம் சந்தேகத்தைத் திருப்புங்கள்.

சிப் எப்படிக் காணாமல் போகும் என்கிறீர்களா? காவேரிப்பட்டணத்தில் என் மச்சானுக்கு நடந்தது இது. சாவியின் பிளாஸ்டிக் உடைந்ததால் கடையில் கொடுத்துப் புது ஷெல் போட்டுக்கொண்டு வந்தான். மறுநாள் காலை உங்கள் வண்டி மாதிரியே பிடித்துப் பிடித்து அணைகிறது. “போன மாசம்தான் மாமா பேட்டரி புதுசு போட்டேன், அது டூப்ளிகேட்டா இருக்குமோ?” என்று போனில் புலம்பல். பழைய ஷெல் எங்கே என்று கேட்டேன். நல்லவேளை, குப்பைக்குப் போகாமல் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. நகத்தால் நெம்பித் திறந்தால், மூலையில் ஒரு பள்ளத்தில் நெல் மணி அளவுக்குக் கறுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டு இருந்தது. அதுதான் சிப். கடைக்காரர் ரிமோட் போர்டையும் இரும்பையும் மாற்றியவர் இதைக் கவனிக்கவில்லை. எடுத்துப் புது ஷெல்லில் வைத்ததும் வண்டி ஓடியது. எல்லாச் சாவியிலும் இப்படி இருக்காது, சிலவற்றில் சிப் போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கும். உங்கள் ஸ்பேர் சாவியின் ஷெல் மட்டும் புதுசாகப் பளபளவென்று இருந்தால் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வரும்.

செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் இன்னொன்றும் நடந்திருக்கலாம். புதுச் சாவி பதியும்போது பல வண்டிகளில் பழைய பதிவுகளை அழித்துவிட்டு, அந்த நேரத்தில் கையில் இருக்கும் சாவிகளை மட்டும் மறுபடி பதிவார்கள். பழைய ஓனர் ஒரு சாவியை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தால் அது அன்றோடு வெறும் கதவுச் சாவிதான். நீங்கள் போகும்போது இரண்டையும் எடுத்துப் போங்கள்.

எங்கே போவது? தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்று ஊரிலும் சாவி வெட்டுபவர்கள் உண்டு. இரும்பு வெட்டுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் மெஷின் வைத்துக் கோடிங் செய்பவர், அதாவது சிப்பை வண்டியில் பதிந்து தருபவர், யார் என்று விசாரித்துப் போக வேண்டும். அங்கேயே இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்த பிறகு காசு கொடுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் செலவு கூடும், ஆர்சியும் அடையாள அட்டையும் கேட்பார்கள். வண்டி இன்னும் கேஏ என்ற கர்நாடக நம்பரில், பழைய ஓனர் பெயரிலேயே இருந்தால் அங்கே இழுத்தடிக்கும். டிஎன் 29 என்ற தர்மபுரி நம்பருக்கு மாற்றும் வேலையை முதலில் முடித்துக்கொள்வது நல்லது.

சிலர் உயிருள்ள சிப் ஒன்றைக் காயிலுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக ஒட்டிவிடுகிறேன், எந்தச் சாவி போட்டாலும் ஓடும் என்பார்கள். ஓடும்தான், திருடன் போட்டாலும் ஓடும். வேண்டவே வேண்டாம்.

தொப்பூர் இறக்கத்தில் நடுவழியில் அணைந்துவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். பொதுவாக ஸ்டார்ட் செய்யும்போது மட்டும்தான் வண்டி சாவியைக் கேட்கும், ஓடத் தொடங்கிய பிறகு தொந்தரவு செய்யாது. நல்ல சாவியில் தைரியமாகப் போய் வாருங்கள். அந்தச் சாவியிலும் எப்போதாவது இதே மாதிரி அணைந்தால் கதை வேறு: காயில், வயரிங், வண்டிப் பேட்டரி என்று பார்க்க வேண்டும்.

இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு நல்ல சாவி கையில் இருக்கும்போது இன்னொன்றைப் பதிவது சுலபம். ஒகேனக்கல்லில் குளிக்கப் போன இடத்தில் அந்த ஒன்றும் ஆற்றோடு போய்விட்டால், வண்டியை டோ செய்து கொண்டுவந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டி வரும். அப்புறம், வண்டி திருட்டுப் போய் இன்சூரன்ஸ் கேட்டால் கம்பெனிக்காரர்கள் எல்லாச் சாவியையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். அதனால் ஓடாத சாவி என்று அந்த ஸ்பேரைத் தூக்கி எறிந்துவிடாமல், புதுசு போட்டாலும் பத்திரமாக வையுங்கள்.