இரவு முழுக்கச் சொறியிற பிள்ளைக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: அக்கா, என்ட மகனுக்கு மூண்டு வயசு. முழங்கை மடிப்பிலயும் முழங்காலுக்குப் பின்னாலயும் எக்ஸிமா (தோல் காய்ஞ்சு அரிக்கிற வருத்தம்), இரவில சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தமே வருது. மாமி வேப்பிலை அவிச்சு வாக்கச் சொல்றா. வாக்கலாமா?
- ஒரு அம்மா, வெள்ளவத்தை

பதில்: வேணாம் தங்கச்சி, வெடிச்ச தோலில வேப்பிலையும் மஞ்சளும் எரிவைக் கூட்டலாம். மாமி கோவிச்சா பழியை என்னில போடுங்கோ. தோலைக் காய விடாததுதான் பெரிய வேலை. இளஞ்சூட்டுத் தண்ணியில 5, 10 நிமிசம் வாத்திட்டு, வாசனைச் சோப் போடாம, துவாயால தேய்க்காம ஒத்தி எடுத்து, ஈரம் இருக்கேக்கையே வாசமில்லாத கிறீம் இல்லாட்டி வாஸ்லின் தாராளமாப் பூசுங்கோ, பிறகும் ரெண்டு மூண்டு தரம். அரிக்கேக்க குளிர்ந்த ஈரத்துணி வைங்கோ. கொழும்புப் புழுக்கத்தில வேர்வையே அரிப்பைக் கிளப்பும், அதால மெல்லிய பருத்திச் சட்டை, ஃபேன், ஒட்ட வெட்டின நகம்.

டொக்டர் தந்த ஸ்டீரொய்ட் கிறீமை அவர் சொன்ன அளவில பூசப் பயப்படாதேங்கோ, ஆனா பக்கத்து வீட்டு டியூப் வேணாம். முட்டை, பாலை நீங்களா நிப்பாட்டவும் வேணாம். மஞ்சள் பொருக்கு, நீர்வடிதல், காய்ச்சல், திடீரெண்டு நோகிற கொப்புளம் வந்தா அண்டைக்கே காட்டுங்கோ, பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி உங்களுக்குத் தூரமில்லைதானே.