589589 பகா எண்ணா?

கேள்வி: என் மகள் குரூப் 4 தேர்வுக்காகக் கும்பகோணத்தில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்திருக்கிறாள். மாதிரித் தேர்வில் 589589-க்கு எத்தனை காரணிகள் என்று கேட்டார்கள். இவள் 32 என்று எழுதினாள். அது பகா எண், காரணிகள் இரண்டுதான் என்று தப்புப் போட்டுவிட்டார்கள். கால்குலேட்டர் இல்லாமல் எப்படிச் சரிபார்ப்பது? – ஒரு தந்தை, மன்னார்குடி

பதில்: உங்கள் மகள் எழுதியதுதான் சரி.

எண்ணை மூன்று மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 589, 589. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 0. அப்படி வந்தால் 7, 11, 13 மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும். ஏனென்றால் இந்த எண் 589 × 1001; அந்த 1001 என்பது 7 × 11 × 13. மிச்சமுள்ள 589, 19 × 31. ஆக ஐந்து வெவ்வேறு பகா எண்கள். ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். ஐந்து முறை இரண்டைப் பெருக்கினால் 32.

ஆனால் மூன்றிலக்கம் இரட்டித்து வந்தாலே 32 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடக் கூடாது. 343343-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 343 என்பதே 7 × 7 × 7. 1001-க்குள் இன்னொரு 7 இருக்கிறது. மொத்தம் நான்கு ஏழு. அதில் ஒன்றும் எடுக்காமல் விடலாம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றும் எடுக்கலாம்: 5 வழி. 11-க்கு 2 வழி, 13-க்கு 2 வழி. காரணிகள் 20தான். முன்பாதியைப் பிரித்துப் பார்க்காமல் விடை எழுத வேண்டாம்.

சரி, மையத்துக்காரர்கள் எப்படித் தவறினார்கள்? 'கடைசி இலக்கம் 1, 3, 7, 9-இல் ஒன்று, இலக்கங்களின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபடவில்லை, ஆகவே பகா எண்' என்று ஒரு குறுக்குவழியை அச்சடித்து விற்கிறார்கள். இது 2, 3, 5-ஐ மட்டும் சோதிக்கிறது. மூட்டை வாயில் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு அடி நெல்லும் காய்ந்துவிட்டது என்பது போல. இந்த விதிப்படி 49 கூடப் பகா எண்! ராமானுஜன் படித்த ஊரில், அவர் படத்தை ஃப்ளெக்ஸில் போட்டுக்கொண்டு நடக்கிறது இந்த வியாபாரம். அவர் பெயரோடு ஒட்டிய 1729-ஐயும் இந்தக் குறுக்குவழி பகா எண் என்றே சொல்லும். அது 7 × 13 × 19.

200 கேள்விகளில் 25தான் திறனறிவுக்கு. அதற்குத்தான் இத்தனை கையேடு, இத்தனை கட்டணம். வகுபடும் விதியைப் பள்ளியிலேயே 'ஏன்' என்று சொல்லிக் கொடுத்திருந்தால் இவர்களிடம் போய் நிற்க வேண்டியதில்லை; மனப்பாடம் செய்யச் சொல்லியே பிள்ளைகளைப் பாழாக்கிவிட்டோம். முழுக் கட்டணத்தையும் மொத்தமாகக் கட்டாதீர்கள். 'கேள்வித்தாள் முன்னாடியே கிடைக்கும்' என்று மையத்து வாசலில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில்கூடச் சொல்லாமல் நகர்ந்துவிடுங்கள்.

மதிப்பெண்ணைத் திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாதாட வேண்டாம், 84227-ஐ 7-ஆல் பெருக்கிக் காட்டச் சொல்லுங்கள், போதும்.