பேரக்குழந்தைகளுடன் பாரிஸ் நீர்க்கரையில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாரிஸில் இருக்கும் என் மகள் வீட்டில் ஜூலை மாதம் முழுவதும் தங்கப் போகிறேன். மருமகனுக்கு விடுப்பு கிடைக்காததால் வெளியூர் செல்ல வழியில்லை. அங்கே செய்ன் நதிக்கரையில் கோடைதோறும் கடற்கரை போல் அமைத்து விழா நடத்துவதாகக் கேள்விப்பட்டேன். 5 வயதுப் பேத்தியையும் 11 வயதுப் பேரனையும் அங்கே அழைத்துச் செல்லலாமா? எனக்கு முழங்கால் வலி; அதிகம் நடக்க இயலாது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள், அம்மா. கோடையில் ஊரைவிட்டுச் செல்ல முடியாத குடும்பங்களுக்காகவே தொடங்கப்பட்ட விழா அது. பாரிஸ்வாசிகளில் வசதியுள்ளவர்கள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கடலோர ஊர்களுக்குப் போய்விட, நகரத்திலேயே தங்கிவிடுகிறவர்களுக்கும் ஒரு கரை வேண்டும் என்று எண்ணி, அன்றைய மேயர் பெர்த்ரான் தெலானோ 2002இல் நதியோரத்து விரைவுச் சாலையில் வாகனங்களை நிறுத்தி, மணலைக் கொட்டி, சாய்வு நாற்காலிகளைப் போடச் செய்தார். ‘பாரிஸ் பிளாஜ்’ என்று பெயர். பிளாஜ் என்றால் கடற்கரை. நுழைவுக் கட்டணம் கிடையாது. பிற்காலத்தில் மணலைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதால், மணல் வீடு கட்டலாம் என்று பேத்திக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் சிறு குழந்தையையும் முழங்கால் வலியையும் வைத்துக்கொண்டு நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் செய்ன் நதி அன்று. நகரின் வடகிழக்கில், 2007இல் இவ்விழாவோடு சேர்க்கப்பட்ட லா வில்லெத் நீர்த்தேக்கம்தான் என்பது என் உறுதியான கருத்து. நதிக்கரையில் சுற்றுலாப் பயணிகளின் கூட்டமும் நடையும் அதிகம். லா வில்லெத்திலோ, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் பாயும் சாப்பாடும் கொண்டுவந்து மாலைவரை உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். அந்த நீர்த்தேக்கம், நெப்போலியன் காலத்தில் பாரிஸுக்குக் குடிநீர் கொண்டுவர வெட்டப்பட்ட ‘ஊர்க்’ (Ourcq) என்னும் கால்வாயின் முடிவில் 1808இல் திறக்கப்பட்டது. செய்ன் நதியின் நீர் அன்று, கால்வாய் நீர் என்பதால் 2017 முதலே அங்கே கோடையில் குளிக்க அனுமதிக்கிறார்கள். நீருக்குள்ளேயே மரத்தளம் கட்டி, வெவ்வேறு ஆழத்தில் தொட்டிகள் அமைப்பார்கள். குழந்தைகளுக்கானது சுமார் 40 சென்டிமீட்டர் ஆழமே இருக்கும். உயிர்காப்பாளர்கள் கண்காணித்தாலும், பேத்தியைக் கையெட்டும் தூரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விடும் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், வெயில் கொளுத்தும் நாளில் நெடிய வரிசை நிற்கும். திறந்தவுடனே போய்விடுவது நல்லது. சுடிதாருடனோ அரைக்கால் சட்டையுடனோ இறங்கிவிடலாம் என்று நினைக்காமல், நீச்சலுக்கென்றே தைத்த உடையைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

குளிக்காவிட்டாலும் பொழுது போகும். இரும்புக் குண்டுகளை உருட்டி விளையாடும் பெத்தாங் ஆட்டத்தை அங்குள்ள முதியவர்கள் மணிக்கணக்கில் ஆடுவார்கள். பேரனை அருகே நிறுத்திவிட்டால், நம் ஊர்க் கோலிக்குண்டின் பெரிய அண்ணன் என்று அவனே கண்டுகொள்வான். நீங்கள் நிழற்குடையின் கீழ் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்காரலாம். ஜூலையில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டாலும் போதிய நேரம் கிடைக்கும் என்பதால், நடுப்பகல் வெயிலில் அலைய வேண்டியதில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்திலிருந்து 2ஆம் எண் தடத்தில் ஒரே நிறுத்தம் தள்ளி இருப்பது லா சப்பல். ஈழத் தமிழர்களின் கடைகளும் உணவகங்களும் நிறைந்த பகுதி. குழந்தைகள் பசியென்று அழுதால் தோசையோ இடியாப்பமோ வாங்கிக் கொடுத்து வீடு திரும்பலாம். உங்கள் பயணத்தை ஆகஸ்ட் இறுதிவரை நீட்டிக்க முடிந்தால், அங்குள்ள மாணிக்க விநாயகர் கோயில் தேர் அதே தெருக்களில் வருவதையும், வழியெங்கும் தேங்காய்கள் மலைபோல் உடைபடுவதையும் பேரக்குழந்தைகளுக்குக் காட்டலாம்.

கேள்வி: செய்ன் நதியிலேயே இப்போது குளிக்கலாம் என்கிறார்கள். அங்கே படிக்கும் என் மகன் ஆசைப்படுகிறான். நீர் சுத்தமானதா?
– வாசகர், கோவை

பதில்: 1923 முதல் தடைசெய்யப்பட்டிருந்த குளியலை, 2024 ஒலிம்பிக்கையொட்டி நடந்த பெரும் துப்புரவுப் பணிக்குப் பின், 2025 ஜூலை 5 முதல் பெர்சி, கிரெனெல், மாரி ஆகிய மூன்று இடங்களில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மழை பெய்யாத நாளில் அஞ்ச வேண்டியதில்லை. பாரிஸின் பழைய குழாய்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒன்றாகவே ஓடுவதால், பெருமழையில் அவை நிரம்பி நதிக்குள் வழியும். அதைத் தடுக்க அவுஸ்தெர்லிட்ஸ் நிலையத்தருகே 50,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டி கட்டியும், திறந்த மறுநாளே மழையால் குளியலை நிறுத்த நேர்ந்தது. கரையில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கொடிகள் ஏற்றுகிறார்கள். சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. முந்தைய நாள் நல்ல மழையென்றால், உங்கள் மகன் கொடியைப் பார்க்கவே போக வேண்டாம். அன்று லா வில்லெத்தில் குளிக்க முடிகிறதா என்று விசாரிக்கட்டும். நீரோட்டம் வேகமானது என்பதால், நன்றாக நீந்தத் தெரிந்திருந்தாலும் இடுப்பில் கட்டும் மஞ்சள் மிதவையை அவன் அவிழ்க்கவே கூடாது.