காச்சாவ்

அன்புள்ள டீச்சர்,

போன மாதக் கட்டுரையில், ‘தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு ஏதாவது நடந்தால் கோயில் மண்டபத்தில் கூடிப் பேசாதீர்கள், நேராக போலீசுக்குப் போங்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே செய்தோம். என் அக்கா மகளுக்கு வயது 19. டவுனில் ஒரு கடையில் வேலை. வேலை முடிந்ததும் வழக்கமாக மோட்டாரில் ஏற்றி வரும் தெரிந்த பையன்தான். நான்கு நாள் கழித்துத்தான் பாட்டியிடம் சொன்னாள்.

ஸ்டேஷனில் கவுண்டர் முன்னால் நிற்க வைத்தே எல்லாவற்றையும் கேட்டார்கள். பின்னால் ஐசி, அதாவது அடையாள அட்டை, தொலைந்ததற்கு ரிப்போர்ட் போட வந்த இரண்டு பேர் நிற்கிறார்கள். அதில் ஒருவர் எங்கள் தோட்டத்து லாரி டிரைவர். ‘ஏன் அவன் மோட்டாரில் ஏறினாய், ஏன் கத்தவில்லை, நான்கு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்?’ பிள்ளைக்கு மலாய் நன்றாகவே வரும், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. நான்தான் எடுத்துச் சொன்னேன். இப்போது ரிப்போர்ட்டே வேண்டாம் என்று அழுகிறாள். கோயில் தலைவர், ‘பையன் வீட்டில் பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்கிறார். நீங்கள் அந்தக் கவுண்டரில் என்றைக்காவது நின்றிருக்கிறீர்களா டீச்சர்? எழுதுவது சுலபம்.

இப்படிக்கு,
பெயர் போட வேண்டாம்

*

அன்புள்ள தம்பி,

பெயரோடு ஊரையும் எடுத்துவிட்டேன், அந்தப் பிள்ளையை அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்களை மாற்றிவிட்டேன். பேராக் மாநிலத்தில் இதே மாதிரி செம்பனையும் ஆலைப் புகையுமாக இருக்கும் டவுன்கள் நிறைய. எந்த ஊர் என்று யாரும் துருவ வேண்டாம்.

நின்றிருக்கிறேன். முப்பது வருடம் ஆகிவிட்டது. அப்போது ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வேலை. ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒரு பெண், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், ஒரு சாயந்திரம் என் வீட்டுப் பின்வாசலில் வந்து உட்கார்ந்தாள். ‘கெடுத்துட்டான் டீச்சர்’ என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை இருவரும் பஸ் ஏறி டவுனுக்குப் போனோம். அவளுக்கு மலாய் கடைவீதி அளவுக்குத்தான் தெரியும். கவுண்டரில் இருந்தவர் என்ன நடந்தது என்று என்னிடம்தான் கேட்டார். எனக்கு மலாய் நன்றாகத் தெரியும், பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவள். பாலியல் வல்லுறவுக்கான ‘ரோகோல்’ என்ற சொல்லும் தெரியும். ஆனால் நான்கு ஆண்கள் நிற்கும் இடத்தில் அது என் வாயில் வரவில்லை. ‘அந்த ஆள் இவளைக் காச்சாவ் பண்ணினான்’ என்றேன்.

காச்சாவ். மலாயில் தொந்தரவு என்று அர்த்தம். பக்கத்து வீட்டுப் பையன் ரேடியோவைச் சத்தமாக வைத்தாலும் காச்சாவ்தான்.

அவர் டைப் அடித்தார், மலாயில் வேகமாகப் படித்துக் காட்டினார், நான் தலையாட்டினேன், அவள் கையெழுத்துப் போட்டாள். இரண்டு நாள் கழித்து மாவட்டத் தலைமையகத்தில் ஒரு பெண் அதிகாரியிடம் நடந்ததை முழுசாகச் சொன்னபோது, அந்த அம்மாள் ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இதில் தொந்தரவு கொடுத்தான் என்றுதானே இருக்கிறது?’ என்று கேட்டார். கேள்வி அவளைப் பார்த்து. தப்பு என்னுடையது. அந்த வழக்கு கோர்ட்டுக்கே போகவில்லை, ‘மேல் நடவடிக்கை இல்லை’ என்று என்எஃப்ஏ ஆகிவிட்டது. அதற்கு என் ஒரு சொல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், காரணங்கள் வேறும் இருந்தன. ஆனால் அந்தச் சொல்லை இன்றுவரை நான் சாதாரணமாகச் சொன்னதில்லை.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் போலீஸ் கேட்ட கேள்விகளைவிட, ‘நான்தான் எடுத்துச் சொன்னேன்’ என்ற வரியில் நின்றுவிட்டேன். என்ன எடுத்துச் சொன்னீர்கள்? நீங்கள் அவளுக்கு மாமா. அவள் எதிரில், லாரி டிரைவர் காதில் விழ, எந்தச் சொல்லைச் சொல்லியிருக்க முடியும்? ரிப்போர்ட்டின் நகல் கையில் இருக்கும். எடுத்துப் பாருங்கள்.

நம் தோட்டங்களில் இதைச் சொல்ல வைத்திருக்கும் சொற்களைக் கொஞ்சம் யோசியுங்கள். ‘தப்பா நடந்துகிட்டான்’. இது கையைத் தொட்டதாகவும் இருக்கலாம், எல்லாமாகவும் இருக்கலாம். ‘கையைப் பிடிச்சு இழுத்தான்’ என்று கிழவிகள் சொன்னால் அது கையோடு நின்றதில்லை. ‘கெடுத்துட்டான்’ என்றால் திரிந்த பாலைப் போல அந்தப் பெண் கெட்டுப்போனாள் என்று ஆகிறது, செய்தவன் அப்படியே நல்லபடியாக இருக்கிறான். பேப்பரில் வரும் ‘பாலியல் வல்லுறவு’ என்ற சொல்லை எந்தப் பிள்ளையும் கவுண்டரில் நின்று சொல்வதில்லை. இவ்வளவு மூடிய சொற்களை மலாய்க்கு மாற்றும்போது அவை இன்னும் ஒரு படி மூடிக்கொள்கின்றன.

சட்டத்துக்கு மூடிய சொல் உதவாது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 375ஆவது பிரிவு எது பாலியல் வல்லுறவு என்று சொல்கிறது, 376 அதற்கான தண்டனை: 20 வருடம் வரை சிறை, பிரம்படியும் உண்டு. மானபங்கம் 354ஆவது பிரிவு, அதற்கு 10 வருடம் வரை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது முக்கியமாக ஒரு விவரம்தான், உடலுக்குள் நுழைந்ததா இல்லையா என்பது. அதை அதிகாரி கேட்டே ஆக வேண்டும், வெளிப்படையான சொல்லில் கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் விட்டால்தான் பிள்ளைக்கு நஷ்டம். எப்போது, எங்கே, எந்த உடை, அது இப்போது எங்கே இருக்கிறது, அவன் என்ன சொன்னான், அவள் என்ன சொன்னாள், முதலில் யாரிடம் சொன்னாள்? இதெல்லாம் வேண்டிய கேள்விகள். கேட்கும்போது குத்தும், ஆனால் வேண்டும்.

‘ஏன் அவன் மோட்டாரில் ஏறினாய்’ இந்த வகையில் சேராது. எந்தப் பிரிவிலும் மோட்டார் இல்லை. தினமும் ஏற்றி வந்தவன் என்பதால்தான் ஏறினாள், வேறு என்ன? ‘ஏன் கத்தவில்லை’ என்பதும் அப்படித்தான். பயத்தில் உடம்பு கட்டையாகிவிடுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாம்பைப் பார்த்துச் சிலை மாதிரி நின்ற பால்வெட்டுக்காரர்களை உங்கள் தோட்டத்திலேயே விசாரியுங்கள். நான்கு நாள் என்ன செய்தாய் என்பதை மட்டும் ஒரு அதிகாரி கேட்கலாம், கதவை மூடிக்கொண்டு, குற்றம் சாட்டும் குரலில்லாமல். ஏனென்றால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார், பதில் இப்போதே பதிவாகியிருப்பது நல்லது. தாமதத்தால் வழக்கு செத்துப்போகாது, இந்த மாதிரிக் குற்றத்துக்குக் காலக்கெடு எதுவும் இல்லை.

அப்புறம், இதையெல்லாம் கவுண்டரில் கேட்கவே கூடாது. போலீஸ் ரிப்போர்ட் என்பது வாசல், அதில் நடந்ததன் சாரம் இருந்தால் போதும். ரிப்போர்ட் கலைக்களஞ்சியம் அல்ல என்று நம் நாட்டுக் கோர்ட்டுகளே சொல்லியிருக்கின்றன. முழு வாக்குமூலம் பிறகுதான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவின்படி, விசாரணை அதிகாரி தனியாக எடுப்பது. பாலியல் குற்றம், பெண்கள், சிறுவர் வழக்குகளுக்கென்றே போலீசில் ‘டி11’ என்ற பிரிவு இருக்கிறது. பெண் அதிகாரிதான் வேண்டும் என்று கேட்கலாம், கேளுங்கள். உங்கள் டவுன் ஸ்டேஷன் சின்னதென்றால் மாவட்டப் போலீஸ் தலைமையகமான ஐபிடிக்குப் போய்க் கேளுங்கள். ரிப்போர்ட்டை நாட்டில் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம் என்பதும் நிறையப் பேருக்குத் தெரியாது. லாரி டிரைவர் நிற்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை.

அந்த 112ஆவது பிரிவில் ஒரு வரி இருக்கிறது, முப்பது வருடத்துக்கு முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைப்பேன். வாக்குமூலத்தை, கொடுத்தவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியிலேயே அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், திருத்தம் செய்ய வாய்ப்புக் கொடுக்க வேண்டும், பிறகுதான் கையெழுத்து. அவள் தமிழில் சொன்னால் தமிழில் திரும்பக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. ‘நான் சொன்னது இது இல்லை’ என்று சொல்லவும் உரிமை உண்டு. தமிழ் தெரிந்த அதிகாரியோ, சொந்தக்காரர் அல்லாத ஒரு மொழிபெயர்ப்பாளரோ வேண்டும். நீங்கள் வேண்டாம் தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள், அக்காவும் வேண்டாம். ரிப்போர்ட்டில் உங்கள் ‘காச்சாவ்’ ஏதாவது இருந்தால், இன்னொரு ரிப்போர்ட் கொடுத்து விளக்கலாம், அல்லது வாக்குமூலத்தில் ‘மாமா வெட்கப்பட்டு அப்படிச் சொன்னார்’ என்று அவளே சொல்லலாம். அது முரண்பாடு ஆகாது, நடந்தது அதுதானே.

ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில் ‘ஓஎஸ்சிசி’ என்ற நெருக்கடி உதவி மையம் ஒன்று உண்டு. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் 90களில் தொடங்கியது, பிறகு நாடு முழுக்க வந்தது. தனி அறையில் உட்கார வைத்து டாக்டர் பார்ப்பார், போலீசும் வெல்ஃபேர் ஆளும் அங்கே வருவார்கள். இவள் அங்கும் இங்கும் அலைய வேண்டாம். மூன்று நாளுக்குள் போயிருந்தால் தடயமும் கிடைத்திருக்கும், எச்ஐவி தடுப்பு மருந்தும் கொடுத்திருப்பார்கள். போனது போகட்டும், இப்போதும் கூட்டிப்போங்கள். காயம் இருக்கலாம், கர்ப்பப் பரிசோதனை வேண்டும், தூக்கம் வராமல் இருப்பாள். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் வைத்திருந்தால் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் வைத்தால் ஈரம் கட்டிப் பூஞ்சை பிடிக்கும். போனில் அவன் அனுப்பிய மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம்.

பாட்டியை விட்டுவிடாதீர்கள். முதலில் கேட்டவர் அவர். அவள் என்ன சொன்னாள், எப்படி இருந்தாள் என்பதைப் பாட்டி சொன்னால் கோர்ட்டில் அதற்கு எடை உண்டு. கிழவிதானே என்று யாரும் அவரிடம் வாக்குமூலம் எடுக்காமல் போய்விடுவார்கள். நீங்கள் பெயரைக் கொடுங்கள்.

கோயில் தலைவர் விஷயம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். இது சமாதானம் பேசி முடிக்கும் குற்றம் இல்லை. வழக்கு நடத்துவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அரசாங்க வழக்கறிஞர்தான், பையன் வீட்டுப் பணம் இல்லை. குற்றத்தை மறைக்கப் பணம் வாங்கினாலும் கொடுத்தாலும் அதுவே தனிக் குற்றம், இதை அவர் காதில் போட்டு வையுங்கள். ‘நாளைக்கு எவன் கட்டுவான்’ என்றும் யாராவது ஆரம்பிப்பார்கள், ஆரம்பித்திருப்பார்கள். அவளுடைய பழைய பழக்கவழக்கங்களைக் கோர்ட்டில் இழுக்க முடியாதபடி சாட்சியச் சட்டத்தில் 146ஏ என்ற பிரிவே இருக்கிறது, சில விதிவிலக்குகளோடு. கோர்ட்டில் கேட்கத் தடை இருப்பதை லயத்துத் திண்ணையில் மட்டும் ஏன் கேட்கிறோம் என்று தெரியவில்லை.

கவுண்டரில் நடந்ததற்கு மாவட்டப் போலீஸ் தலைவருக்கு எழுதுங்கள். தேதி, நேரம், கேட்ட கேள்விகள், யார் யார் நின்றார்கள் என்பதோடு. போலீஸ் மேல் வரும் புகார்களைப் பார்க்கும் ஐபிசிசி என்ற சுதந்திர ஆணையமும் 2023 ஜூலையிலிருந்து இருக்கிறது. அது பரிந்துரைக்கத்தான் முடியும், தண்டிக்க முடியாது. அதில் எனக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் எழுதியது கோப்பில் இருக்கும். ரிப்போர்ட் கொடுத்து நான்கு வாரம் ஆனதும், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின்படி இரண்டு வாரத்துக்குள் பதில் வர வேண்டும். இதைக் கேட்பவர்களே குறைவு, அதனால் கேட்பவர்களின் கோப்பு மேலே வரும் என்பது என் அனுபவம்.

ரிப்போர்ட்டை மீட்டுக்கொள்ள வேண்டும் என்கிறாளே, அதைப் பற்றி. அவளுக்கு வயது 19. பதினாறுக்குக் கீழே இருந்தால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை, பதினெட்டுக்குக் கீழே என்றால் தெரிந்தும் மறைப்பதே குற்றம், சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017ஆம் வருடச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இவள் விஷயம் வேறு. மறுபடி ஒரு முறை சொல்ல வேண்டுமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். போன மாதக் கட்டுரையில் ‘நேராக போலீசுக்குப் போங்கள்’ என்று உங்களைப் பார்த்து எழுதினேன், அவளைப் பார்த்து எழுதவில்லை. அது என் தப்புதான். நீங்கள் அவளிடம் கேட்டீர்களா, அல்லது கட்டுரையைப் படித்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போனீர்களா?

தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண், 15999, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். ஈப்போவில் பேராக் விமன் ஃபார் விமன் சொசைட்டி இருக்கிறது, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு உதவுகிறவர்கள். எண்ணை அவள் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள்.

அவள் சரி என்றால் நானும் வருகிறேன். பேசுவதற்கு இல்லை, வெளியே பெஞ்சில் உட்காருவதற்கு. வியாழக்கிழமை மட்டும் வேண்டாம். உங்கள் ஊரில் அன்றைக்குத்தானே பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை, தோட்டமே டவுனில் இருக்கும்.

அன்புடன்,
டீச்சர்