நகர்வது வேறு, பெருகுவது வேறு: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆய்வு மாணவர்களுடையவை. புற்றுசெல் நகர்வதற்குப் பின்னால் இருக்கும் பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ்கள், அதைக் கழற்றும் பாஸ்பட்டேஸ்கள், சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் ரோ குடும்பப் புரதங்கள் பற்றித்தான் பெரும்பாலும் கேட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு கடிதம் ஒரு வீட்டிலிருந்து வந்திருக்கிறது. அதையும் நடுவில் சேர்த்திருக்கிறேன்.

என் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) ஃபேக் என்ற கைனேஸின் பட்டை இரண்டு மடங்கு தடிமனாக வந்திருக்கிறது. ஃபேக் தூண்டப்பட்டிருக்கிறது என்று எழுதலாமா மேடம்?

கூடாது. புரதம் கூடியிருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். அளவு வேறு, வேலை வேறு. ஃபேக் விழித்துக்கொண்டால் அதன் 397ஆம் இடத்து அமினோ அமிலமான டைரோசினில் பாஸ்பேட் ஏறும். சார்க் என்ற இன்னொரு கைனேஸ் வந்து ஒட்டுவதும் அங்கேதான். அந்த இடத்துக்கான ஆன்டிபாடியைப் போட்டு, அதே மாதிரியின் மொத்த ஃபேக்கோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். எல்லா மாதிரியிலும் சமமாகப் புரதம் ஏற்றியதைக் காட்டும் ஆக்டின் பட்டை இல்லாமல் படம் அனுப்பியிருக்கிறீர்கள். அது இல்லாமல் "இரண்டு மடங்கு" என்று எதை வைத்துச் சொன்னீர்கள்?

கைனேஸ் ஆக்ஸிலரேட்டர், பாஸ்பட்டேஸ் பிரேக் என்று வகுப்பில் சொன்னார்கள். சரிதானே?

முதல் வகுப்புக்குச் சரி. பி-டென் என்ற பாஸ்பட்டேஸ் அப்படித்தான், பிஐ3கே என்ற கைனேஸ் ஏற்றிய பாஸ்பேட்டைக் கழற்றி செல்லின் முன்விளிம்பை அடக்குகிறது. ஆனால் சார்க்கின் வாலில் 527ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏற்றி அதை மடக்கிப் போடுவது சிஎஸ்கே. அதுவும் ஒரு கைனேஸ்தான். பீட்டன் ரௌஸ் 1911இல் கோழிக் கட்டியிலிருந்து பிரித்த வைரஸின் சார்க்குக்கு அந்த வால் துண்டே கிடையாது. அதனால்தான் அது அடங்குவதில்லை. மறுபக்கம் பிஆர்எல்-3ஐப் பாருங்கள். அது பாஸ்பட்டேஸ். பெருங்குடல் புற்று கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளில் அது தூக்கலாக இருப்பதை 2001இல் கண்டார்கள். செல்லை அடக்கவில்லை, ஓட்டுகிறது. ஏகேடி என்ற கைனேஸை எடுத்துக்கொண்டாலும் இதே கதை: சில மார்பகப் புற்றுசெல்களில் ஏகேடி1 நகர்வைத் தடுக்கிறது, கூடப்பிறந்த ஏகேடி2 தூண்டுகிறது. பெயரை வைத்து வேலையை முடிவு செய்யாதீர்கள்.

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு புற்றுநோய் என்சைம் பற்றி ஒரு தலைப்பும் முழு மெத்தடாலஜியும் உடனே அனுப்பவும்.

அனுப்ப மாட்டேன். எந்தச் செல், எந்த நொதி, உங்கள் ஆய்வகத்தில் என்ன கருவி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அதை எழுதுங்கள், அப்புறம் யோசிக்கலாம்.

தட்டில் வளர்ந்த மார்பகப் புற்றுசெல் விரிப்பில் ஒரு கீறல் போட்டு, மணத்தக்காளி இலைச் சாற்றை 48 மணி நேரம் வைத்தோம். கீறல் மூடவில்லை. புற்று பரவுவதை, அதாவது மெட்டாஸ்டாசிஸைத் தடுக்கிறது என்று கட்டுரை எழுதியிருக்கிறோம். எந்த சிக்னல் நொதியைத் தடுக்கிறது என்று எப்படிச் சொல்வது?

நொதியை அப்புறம் பார்ப்போம். செல் நகர்ந்ததா, இல்லையா என்பதே உங்களுக்கு இன்னும் தெரியாது.

மாதத்துக்கு நாலைந்து முறை இதே கேள்வி வருகிறது. இலை மட்டும் மாறும்: கறிவேப்பிலை, துளசி, வேம்பு, மஞ்சள். கீறல் சோதனை செய்ய ஒரு மஞ்சள் நிற பிப்பெட் டிப்பும் ஒரு தட்டும் போதும் என்பதால் எல்லோரும் செய்கிறார்கள். தவறாகச் செய்வதும் அதே அளவுக்குச் சுலபம்.

முதல் விஷயம், 48 மணி நேரம். நீங்கள் பயன்படுத்திய எம்டிஏ-எம்பி-231 செல்கள் ஒரு நாள், ஒன்றரை நாளில் இரட்டிப்பாகும். அவ்வளவு நேரம் விட்டால் கீறல் நடந்து மூடியதா, பெருகி மூடியதா என்று பிரிக்க முடியாது. நகர்வது வேறு, பெருகுவது வேறு. செல்லை வளர்க்க ஊற்றும் சீரத்தைக் குறையுங்கள், அல்லது மைட்டோமைசின் சி போட்டுப் பிரிவதை நிறுத்துங்கள். 12 மணி, 16 மணிக்குள் முடியுங்கள்.

இரண்டாவது, அளவு. மில்லிக்கு 200 மைக்ரோகிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை செல் பிழைத்தது என்று காட்டும் உங்கள் எம்டிடி வரைபடத்தில் அதே அளவில் பாதிச் செல்கள் செத்துக் கிடக்கின்றன! செத்த செல் எப்படி நடக்கும்? எந்த அளவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உயிரோடு இருக்கிறதோ, அந்த அளவில்தான் நகர்வைப் பார்க்க வேண்டும். சாற்றைக் கரைத்த டிஎம்எஸ்ஓவை மட்டும் ஊற்றிய தட்டு எங்கே? அதுவும் இல்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்திருந்தேன். நல்ல பையன், இரண்டு வருட உழைப்பு. பூஜ்ய மணிப் படத்தையும் 24 மணிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். பூஜ்ய மணிப் படத்தில் கீறலின் இடது ஓரத்தில் கொக்கி மாதிரி ஒரு வளைவு. அடுத்த படத்தில் அந்தக் கொக்கி இல்லை. இரண்டு பக்கமும் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. அது வேறு இடம். தட்டின் அடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தால் போதும், அதே இடத்துக்குத் திரும்பி வந்திருக்கலாம். அந்தக் கோட்டைப் போடும்படி இரண்டு வருடத்தில் ஒருவரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கு இன்றும் அது ஆறவில்லை. தப்பு அவனுடையதல்ல.

ஒரே ஒரு முறை, அவசரப்படாமல், கீறலின் விளிம்பை மைக்ரோஸ்கோப்பில் அரை மணி நேரம் பாருங்கள். ஓரத்துச் செல் மெல்லிய பாவாடை மாதிரி ஒரு விரிப்பை முன்னே நீட்டும், அது மடிந்து சுருங்கும், மறுபடி நீட்டும். அதுதான் ரோ குடும்பத்தைச் சேர்ந்த ராக் என்ற புரதம் வேலை செய்யும் அடையாளம். பின்பக்கம் தட்டை விடாமல் பிடித்து இழுபட்டு, வால் மாதிரி நீண்டு, சட்டென்று விடுபடும். இதைப் பார்த்தவர்கள் "கீறல் மூடவில்லை" என்ற ஒற்றை வரியோடு நிறுத்த மாட்டார்கள். நீட்டல் நின்றதா, பிடி விடவில்லையா என்று கேட்பார்கள். எந்த நொதி என்று தேட வேண்டிய இடம் அங்கேதான் தெரியும்.

கடைசியாக, "மெட்டாஸ்டாசிஸைத் தடுக்கிறது" என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள். பிளாஸ்டிக் தட்டில் ஒரு விரிப்பாக நகர்வது ஒன்று; கட்டியை விட்டு வெளியேறி, ரத்தக்குழாயில் நுழைந்து, பிழைத்து, வேறு உறுப்பில் முளைப்பது முற்றிலும் வேறு. நீங்கள் எழுதுவதை நோயாளி வீட்டுக்காரர்கள் படிக்கிறார்கள். மருந்தை நிறுத்திவிட்டு இலைச் சாறு குடிக்கிறார்கள்.

ரோ, ராக் எல்லாம் நொதியா, சுவிட்சா?

இரண்டும்தான். குவானோசின் டிரைபாஸ்பேட் ஒட்டியிருந்தால் எரியும், அதை டைபாஸ்பேட்டாக உடைத்தால் அணையும். உடைப்பதால் நொதி, ஆனால் மிக மந்தமான நொதி. கூட ஒரு உதவிப் புரதம் வந்தால்தான் வேகம் பிடிக்கும். ரோ செல்லுக்குள் இழைக்கற்றைகளைக் கட்டுகிறது, ராக் விளிம்பை விரிக்கிறது என்று ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும் 1992இல் காட்டினார்கள். ரோவுக்குக் கீழே வேலை செய்யும் கைனேஸையும் தமிழில் எழுதினால் "ராக்" என்றே வருகிறது. அதனால் அதை ரோ-கைனேஸ் என்று எழுதுங்கள், குழப்பம் வராது.

என் அக்காவுக்கு மார்பில் கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஊசி பட்டால் பரவிவிடும் என்று அம்மா விடமாட்டேன் என்கிறார். செல் நகரும் என்று நீங்களே எழுதுகிறீர்களே?

அக்காவை இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தப் பயத்தால் தள்ளிப்போடும் மாதங்கள்தான் ஆபத்து.

ஊசி போன வழியில் செல் ஒட்டிக்கொள்வது உண்டு. கல்லீரல் புற்றில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் பார்த்திருக்கிறார்கள். விரையில் சந்தேகம் இருந்தால் ஊசியே போடமாட்டார்கள். இதெல்லாம் டாக்டர்களுக்குத் தெரியும். மார்பகத்தில் ஊசியால் நோய் பரவுவது மிக மிக அரிது. அதன் பிறகு செய்யும் அறுவை, கதிர்வீச்சு எல்லாம் அந்த இடத்தையும் சேர்த்துத்தான் பார்க்கின்றன. இடம் விட்டு நகர்ந்த செல் எல்லாம் கட்டியாகிவிடாது. 1970இல் ஐசையா ஃபிட்லர் எலிகளின் ரத்தத்தில் புற்றுசெல்களை ஏற்றிக் கணக்கெடுத்தார். கட்டியாக முளைத்தவை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. சதையைப் பார்த்தால்தான் எந்த வகை, எந்த மருந்து என்று சொல்ல முடியும். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

எம்எம்பி நொதிகள் திசுவை அறுத்து வழி போடுகின்றன என்றால், அவற்றைத் தடுத்த மருந்துகள் ஏன் தோற்றன?

நல்ல கேள்வி. 1990களில் பாடிமாஸ்டாட், மாரிமாஸ்டாட் என்று வரிசையாக வந்தன. பெரும் எதிர்பார்ப்பு. மாரிமாஸ்டாட் சாப்பிட்டவர்களுக்குத் தோளிலும் கையிலும் மூட்டு வலி வந்ததுதான் மிச்சம்; ஆயுள் கூடவில்லை. எம்எம்பிக்கள் இருபதுக்கும் மேல். சில உடம்புக்கு நல்லது செய்பவை, எல்லாவற்றையும் சேர்த்து அடித்தார்கள். கொடுத்ததும் முற்றிய நோயாளிகளுக்கு. செல்கள் எப்போதோ பரவிவிட்ட பிறகு வழியை அடைத்து என்ன பயன்?

2003இல் இன்னொரு காரணமும் தெரிந்தது. அறுக்கும் நொதிகளை முடக்கினால் சில புற்றுசெல்கள் உருவத்தை மாற்றிக்கொள்கின்றன. உருண்டு, ரோவையும் ரோ-கைனேஸையும் வைத்துத் தங்களைத் தாங்களே பிழிந்துகொண்டு, நார்களின் இடுக்கில் அமீபா மாதிரி நுழைகின்றன. வேலியை அறுக்க முடியாவிட்டால் சந்தில் புகுந்துவிடும். இடுக்கு மிகச் சிறிதானால் மட்டும் செல்லின் கரு சிக்கிக்கொள்கிறது. ஒரு நொதியை அடைத்துவிட்டு வெற்றி என்று எழுதுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

புற்றுநோய் மரணங்களில் 90 சதவீதம் பரவுவதால் என்பது சரியா?

எல்லோரும் எழுதுவது அது. நார்வே பதிவேட்டை வைத்து 2019இல் எண்ணிப் பார்த்தவர்களுக்குத் திடக்கட்டிகளில் மூன்றில் இரண்டு பங்குதான் வந்தது. அதுவே போதுமான அளவு பெரிது.

நகர்வை மட்டும் நிறுத்தும் மருந்து ஏதாவது வந்திருக்கிறதா?

நகர்வை மட்டும் நிறுத்துவதாக நிரூபித்து எதுவும் வரவில்லை. சார்க்கைத் தடுக்கும் டாசாட்டினிப் 2006இலிருந்து ரத்தப் புற்றில் அருமையாக வேலை செய்கிறது. ஆனால் அங்கே அதன் முக்கியக் குறி வேறு கைனேஸ். பரவிய புராஸ்டேட் புற்றில் சுமார் 1,500 ஆண்களிடம் டோசிடாக்சல் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், ஆயுள் கூடவில்லை. ஃபேக்கைத் தடுக்கும் டெஃபாக்டினிப், மீசோதீலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்றில் கைகொடுக்கவில்லை. அதே மருந்துக்கு அவுடோமெட்டினிப் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்து, கேராஸ் மரபணுவில் மாற்றம் உள்ள ஒருவகைச் சினைப்பைப் புற்றுக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அங்கேயும் அளந்தது கட்டி சுருங்கியதைத்தான், செல் நின்றதை அல்ல. ஆய்வுகள் எல்லாம் அப்படித்தான் அமைகின்றன. சுருங்குவதை ஸ்கேனில் பார்க்கலாம். நகராமல் இருப்பதைக் காட்ட வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

செல்லுக்கு வெளியே வேலை செய்யும் நொதி நகர்வைத் தூண்டுமா?

தூண்டும். மெலனோமா என்ற தோல் புற்றின் செல்கள் வளர்ந்த மீடியத்தில் செல்லை ஓடவைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறதே என்று தேடி, 1992இல் ஆட்டோடாக்சினைப் பிரித்தார்கள். அது என்ன வேலை செய்கிறது என்று தெளிவாகப் பத்து வருடம் ஆனது. வெளியே மிதக்கும் ஒரு கொழுப்பை வெட்டி எல்பிஏ என்ற சிறு மூலக்கூறாக்குகிறது. அந்த எல்பிஏ செல்லின் ஏற்பியில் ஒட்டி, உள்ளே ரோவை எழுப்புகிறது. உங்கள் சோதனையில் சீரம் ஊற்றினால் ஆட்டோடாக்சினும் எல்பிஏவும் அதிலேயே வந்துவிடும். சீரம் இல்லாத தட்டு ஒன்றையும் கட்டாயம் வையுங்கள்.